செல்ஃப் கழற்றல்: நாஞ்சில் நாட்டு உரை

காரை உசுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை நாகர்கோவில் வொர்க்‌ஷாப்புகளில் யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை. ‘செல்ஃப்’ என்பதே வழக்கு. 1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் விவேகானந்தர் தியானித்த ‘தான்’ வேறு. கெட்டரிங்கின் கைவண்ணத்தில் 1912 மாடல் காடிலாக்கில் வந்த ‘தான்’ வேறு. இரண்டையும் ஆசான்மார் குழப்பிக்கொள்வதில்லை, ஆய்வாளன்தான் குழம்புகிறான்.

செல்ஃப் சிக்குவது இருவகை. ஒன்று பல்சிக்கல். பழைய பெட்ரோல் அம்பாசடரில் செல்ஃபின் சின்னப் பல்சக்கரம் ஃப்ளைவீலைக் கவ்விக்கொள்ளும். வண்டியை கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’கென்று விட்டுவிடும். இதற்கு ஆய்வு வேண்டாம்.

மற்றது துருச்சிக்கல், நமக்கே உரிய பொருள். ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. இடையில் முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் உப்புக்காற்று. இரும்பு துருவானால் பருக்கும். போல்ட்டைக் கழற்றிய பிறகும் செல்ஃப், தலை ஆடிக்கு வந்த மருமகப்பிள்ளைபோலக் கிளம்பாது. ஆணவத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் அம்பாசடரைக் கண்டதில்லை, பாவம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இதில் பாடபேதம் கிடையாது. மறந்தவனுக்கு ஸ்பேனரே தீப்பொறி பறக்க நினைவூட்டும். பிறகு தடித்த கேபிள், இரண்டு போல்ட். மேல் போல்ட் கண்ணுக்குத் தட்டுப்படாது, விரல் நுனிதான் கண்.

அதன்பின் மரபுகள் பிரிகின்றன. வடசேரியில் நான் பார்த்த ஆசான் எண்ணெய் மரபு: விளிம்பில் டீசலை விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனார். சிஷ்யப் பையன் சுத்தியல் மரபு. ஆசான் திரும்புவதற்குள் நாலு அடி. துரு உதிர்ந்து அவன் கண்ணிலேயே விழுந்தது.

“சவம் வரமாட்டேங்கு ஆசானே!”

“வரும் மக்கா. கட்டைய வச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு தட்டு. ஒரே எடத்துல அடிச்சா சரிஞ்சு கடிச்சுக்கிடும்.”

ஏழாவது தட்டில் வந்தது, ஏழெட்டுக் கிலோ, பையனின் நெஞ்சுமேல். “கையக் குடுத்துப் பிடிலே” என்ற சூத்திரம் மூலபாடத்தில் அதற்குப் பிறகே வருகிறது. இடைச்செருகலாக இருக்கலாம்.

ரிப்பேருக்குக் கோட்டாறு போக வேண்டும். வண்டிக்காரர் பழைய சாரத்தில் சுற்றிய செல்ஃபை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இனி வண்டிய எப்படி எடுக்க, ஆசானே?”

ஆசான் பதில் பேசாமல், சாயாக்கடை வாசலில் நின்ற நாலு பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.