காலாவதித் தேதி போடாத விண்ணப்பம்

புத்ராஜெயாவில் வீற்றிருக்கும் குடிநுழைவுத் துறையின் சமுகத்திற்கு,

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி பணிவோடு எழுதிக்கொள்வது. கொழுந்து எடை பார்ப்பதுதான் என் வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் நான் தேதி பார்ப்பவன். லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துப் பையன், நேப்பாளி, இந்தோனேசியர் என ஒவ்வொருவருக்கும் மூன்று தேதி: பாஸ்போர்ட் முடிவது, பெர்மிட் முடிவது, போமேமா மருத்துவச் சோதனை. மூன்றும் சேர்ந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. கிள்ளிய கொழுந்து சில வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடுகிறது. ஒரு வருஷத்துப் பெர்மிட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. முதலாளி மனசு வைத்தால்தான் துளிர்க்கும்.

தங்கள் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் தலைக்கு 10,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து தலைக்கு மேல் போனால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் சிறை; ஆறு ரோத்தான் பிரம்படி வரை விழலாம். படிக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கிறது. ராத்திரியில் தங்கள் லாரி மலையேறி வரும்போது காய்கறித் தோட்டத்து வாய்க்காலில் விழுந்து ஓடுகிறவர்களில் ஒரு முதலாளித் தவுக்கேயையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அவர் காலையில் லேண்ட்ரோவரில் வருகிறார், விசாரிக்க.

பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர். வேலைக்கு வந்த அன்றே பையன்களின் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினார், பத்திரமாக இருக்கட்டும் என்று. அடுத்தவர் பாஸ்போர்ட்டைத் தகுந்த அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பதை அந்தப் பெட்டி அறியாது. பெர்மிட் முடியும் மாதம் அவருக்கு மகள் கல்யாணம். மறந்துவிட்டார். சட்டப்படி தூங்கப் போன ஒரு பையன், விடியும்போது ‘கொசோங்’ ஆகி எழுந்தான். மலாயில் அதற்கு வெறுமை என்று பொருள். இங்கே பெர்மிட் இல்லாத ஆளுக்குப் பெயர்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம், அதுதானே என் தொழில். பெர்மிட்டில் இருப்பது முதலாளியின் பெயர். புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. 2018 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் லெவியையும் அவரே கட்டவேண்டும்; தோட்டத்துக்கு ஆளுக்கு வருஷம் 640 வெள்ளி. (அதன் பிறகு சில சம்பளச் சீட்டுகளில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி முளைத்தது, தற்செயலாக.) ஒரே ஆள் விஷயத்தில் மறந்துபோன முதலாளிக்குச் சிறை 12 மாதத்துக்கு மேல் போகாது. மறக்கக்கூட வழியில்லாத பையனுக்கோ, தங்கள் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். என் பேரேட்டில் இப்படி எழுதினால் ஆடிட்டர் காது திருகுவார்.

எனக்கு இந்தத் தேதி வியாதி பரம்பரையாக வந்தது. அப்பா பிறந்தது இதே மலையில். சுதந்திரம் வந்த பிறகு பிரஜைக்குரிய நீல ஐ.சி.க்கு எந்தக் காகிதத்தை எங்கே நீட்டுவது என்று சொல்ல ஆளில்லை. கையில் சிவப்பு ஐ.சி. நின்றது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு அதை இறுக்கினார்கள். பிரஜை அல்லாதவன் சிறுவயதிலிருந்து செய்த வேலையைத் தொடரவும் பெர்மிட் கேட்டார்கள். இந்தியர்களில் 60,000 பேர் அளவில் நாட்டைவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அப்பா வருஷாவருஷம் வரிசையில் நின்று தங்கினார். அவர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்றைய கிராணியை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. இன்று அந்த நாற்காலியில் நான்.

ஆகவே ஒரு சிறு யோசனை. தவுக்கேக்களுக்கும் தாங்கள் ஒரு வருஷத்துப் பாஸ் கொடுக்கலாம். போட்டோ, கைரேகை, மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. ஞாபகசக்திச் சோதனை கட்டாயம். அந்தப் பாஸைப் பையன்கள் லயத்தில் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள். புதுப்பிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. ஊரில் யாருக்காவது கல்யாணம் வந்து மறந்துபோனால், தவுக்கே இருட்டில் முட்டைக்கோஸ் பாத்தி தாண்டி ஓடிப் பழகிக்கொள்ளட்டும்.

இன்னும் எழுதுவேன். வாசலில் ஒரு பையன் நிற்கிறான். அவன் பெர்மிட் அடுத்த மாதம் 9ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்க அனுப்பியாயிற்றா என்று கேட்கிறான். தன் பாஸ்போர்ட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறானாம். பீரோச் சாவி மேனேஜரிடம். மேனேஜர் ஈப்போவுக்குப் போயிருக்கிறார்.

பணிவன்புடன்,
கிராணி