டபுள் விசாரம்

லண்டன் மாநகரின் தென்மேற்கு ஓரத்தில், நிலத்தடி ரயிலின் நார்தன் பாதை இதற்குமேல் தெற்கே போக மனமில்லாமல் நின்றுவிட்ட இடத்திலே இருக்கிறது மோர்டன். பெயரை அவசரத்தில் 'மாடர்ன்' என்று வாசித்துவிட்டுப் பின்பு நேரில் வந்து ஏமாறுவோரும் உண்டு. 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி திறந்த, சார்லஸ் ஹோல்டன் சமைத்த அந்த ரயில் நிலையத்தின் வாசலில், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரும் அவருடைய பேரனும் 93ஆம் எண் பஸ்ஸுக்குக் காத்துநின்றபோதுதான் இந்த ஆராய்ச்சிக்கு வித்து விழுந்தது.

"அப்பப்பா, டபுள் டெக்கருக்குத் தமிழ் என்ன?"

"இரட்டைத் தட்டு பஸ் எண்டு சொல்லு, ராசா."

"அப்ப டபுள் எண்ட சொல் எங்கயிருந்து வந்தது?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பெரியவர் விட்ட இடத்தில் அடியேன் தொடங்குகிறேன்.

லத்தீன் பாஷையில் 'டூப்லுஸ்' என்று கம்பீரமாக வாழ்ந்த சொல், பழைய பிரெஞ்சிலே புகுந்து உடல் மெலிந்து, கடல் தாண்டி இங்கிலாந்திலே 'டபுள்' ஆயிற்று. அதன் முற்பாதியாகிய 'டூவோ' இரண்டு. சம்ஸ்கிருதத்து 'த்வி'க்கு ஒன்றுவிட்ட சகோதரன். பிற்பாதியோ மடிப்பு. தமிழிலே 'இருமடங்கு' என்கிறோமே, அதுவும் இரண்டாக மடங்கியது என்பதுதான். இத்தனை தூரத்திலிருந்த இரு சாதியாரும் ஒருவரையொருவர் கேளாமலே, பெருக்கலைத் துணி மடிப்பாகக் கண்டிருக்கிறார்கள்! முசிறியில் மிளகு வாங்க வந்த ரோமாபுரி வணிகன் இந்த உவமையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனான் என்று ஸ்தாபிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வாணிபம் சூடு பிடிப்பதற்கு முன்பே லத்தீனில் இச்சொல் இருந்துவிட்டபடியால் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

இங்கேதான் ஒரு சூட்சுமம். துணியை இரண்டாக மடித்தால் கனம் இரட்டிக்கிறது, வாஸ்தவம்; நீளமோ பாதியாகிறது; துணி ஒரு நூலிழைகூட அதிகப்படுவதில்லை. ஆகவே ஆதி அர்த்தப்படி 'டபுள்' என்பது பெருக்கமே அன்று. சைக்கிளின் முன்பாரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு 'டபிள்' போன யாழ்ப்பாணத்து இளைஞரும், 'டபுள் ஆம்லெட்' என்று இரண்டு முட்டைக்குக் குரல் கொடுக்கும் தமிழகத்துக் கடைக்காரரும், பி. யு. சின்னப்பா 1940இலும் சிவாஜி கணேசன் 1958இலும் இரட்டை வேடம் தரித்ததால் தானும் இரட்டித்துப்போன 'உத்தமபுத்திரன்' என்ற படப்பெயரும் பிற்கால வழக்கைச் சார்ந்தவர்களே. லத்தீனின் மூலப்பொருளைப் பழுதின்றிக் காத்துவருவது நம் ஜவுளிக்கடை ஒன்றுதான்: எட்டு முழத்தை நாலு முழமாக மடித்துக் கட்டுகிற 'டபுள் வேட்டி'. எந்தச் சர்வகலாசாலையும் இந்தத் தொண்டுக்காக ஜவுளிக்கடைக்காரர்களுக்குப் பட்டம் அளித்ததாகத் தெரியவில்லை.

சுற்றத்தாரையும் சற்றே விசாரிப்போம். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவரை 'டூப்' என்கிறோம்; பொய் சொல்பவனிடமும் 'டூப் விடாதே' என்கிறோம். முன்னவரை டூப்ளிகேட்டின் குடும்பத்தில் சேர்த்துவிடத் தோன்றும். பின்னதற்கோ, ஏமாளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றைக் காட்டி, அது கொண்டலாத்திப் பறவையின் பெயரிலிருந்து பிறந்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத சொந்தம்; இரண்டுக்கு நடுவே மனம் ஆடுவதே அது. லத்தீன் மூலத்தை ஞாபகப்படுத்த அதன் எழுத்துக்கூட்டலில் ஒரு 'பி'யைச் செருகிய பண்டிதர்கள், ஜனங்கள் அதை உச்சரிக்கவே மாட்டார்கள் என்பதை எதிர்பார்க்கவில்லை. 1742 முதல் 1754 வரை புதுச்சேரியை ஆண்ட டூப்ளே துரையின் பெயரும் இந்த வம்சம்தானா என்ற வழக்கில் நான் நுழையமாட்டேன். அவருடைய துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பதவிப் பெயரிலோ 'இரண்டு' சந்தேகமின்றி உட்கார்ந்திருக்கிறது. துபாஷி என்றால் இருபாஷைக்காரன்.

மோர்டனுக்குத் திரும்பினால், ஆதாரங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இங்கே புறப்படும் ரயில் பாதை கெனிங்டனில் பாங்க் வழி, சேரிங் கிராஸ் வழி என்று இரண்டாகப் பிரிந்து, காம்டன் டவுனில் மறுபடி கூடுகிறது. பிரயாணிக்கு டபுளும் டவுட்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கின்றன. மோர்டன் ஹால் பூங்காவில் வாண்டில் நதிக்கரையில் மூக்குப்பொடி அரைத்த பழைய ஆலைகளும் இரண்டே. நாசித்துவாரங்கள் இரண்டு என்பதால் ஆலையும் இரண்டு என்று வாதிப்பார்க்கு மறுப்புச் சொல்ல என்னிடம் பிரமாணம் இல்லை.

அந்தப் பெரியவர் இதைக் காண நேர்ந்தால், அகராதியைப் புரட்டவேண்டாம். எட்டு முழ வேட்டி ஒன்றை விரித்து, மடித்துப் பேரனுக்குக் காட்டட்டும். ஆங்கிலக் குளிரை உத்தேசித்து, இடுப்பில் கட்டியிருப்பதை விட்டுப் பெட்டியில் இருப்பதை எடுக்கும்படி பிரார்த்திக்கிறேன்.