ஜப்பானிய மொழி தெரியாத வாத்தியார்

ஜப்பானியப் பள்ளிகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆங்கில உதவி ஆசிரியர்களை வரவழைக்கும் ஜெட் திட்டம் 1987-இல் தொடங்கியது. வருகிறவருக்கு ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பாடமானாலும் சரி. ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை, ஜப்பானிய மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேற்றுவரை மீன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இன்று கரும்பலகை முன்னால் நிற்கலாம். இதைக் கேட்டதும் ‘அரசாங்கப் பணம் பாழ்’ என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த ஆளிடம் இருக்கிற உருப்படியான தகுதியே ஜப்பானிய மொழி தெரியாததுதான் என்பது என் வாதம்.

பாடவேளையை மட்டும் பார்த்தால் என் வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். “ஹவ் ஆர் யூ?” என்று கேட்ட மாத்திரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில் “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?” என்று முடித்துவிடும். மாஸ்க்குக்குள் இருமிக்கொண்டு, கண் சிவந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் ஃபைன்தான். பிறகு ஜப்பானிய ஆசிரியர் கண் காட்ட, இவர் ஒரு வாக்கியம் வாசிக்க, வகுப்பு திருப்பிச் சொல்லும். ‘நாங்கள் மனித டேப் ரெக்கார்டர்கள்’ என்று இந்த உதவி ஆசிரியர்களே நொந்துகொள்வது வழக்கம். அப்படியானால் நிஜ டேப் ரெக்கார்டரே போதுமே, அதற்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டாமே என்று கேட்டால் நியாயம்தான்.

ஆனால் சாப்பாட்டு நேரம் வரட்டும். தொடக்கப் பள்ளியில் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார். யாராவது லீவு போட்ட நாளில் ஒரு புட்டிங் மிஞ்சும். அது யாருக்கு என்பதை ஜான்கென், அதாவது கல், காகிதம், கத்தரிக்கோல் தீர்மானிக்கும். வெட்கப்படாமல் வெளிநாட்டவரும் கையை நீட்டுகிறார் என்று வையுங்கள். கொஞ்சம் தாமதித்துக் கையைக் காட்டினால் போச்சு. திருட்டாட்டம் என்று குற்றம் சாட்டியாக வேண்டும், அதுவும் குற்றவாளிக்குப் புரிகிற மொழியில். “யூ லேட்! நோ புட்டிங்!” வினைச்சொல்லைக் காணோம், போகட்டும். யாரும் எழுதிக் கொடுக்காமல், தேவைப்பட்டு, கோபத்தில் பிறந்த ஆங்கிலம் அது. டேப் ரெக்கார்டரோடு எந்தக் குழந்தையும் புட்டிங்குக்குச் சண்டை போட்டதில்லை.

உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் புட்டிங் வராதே என்பார்கள். வராது. தேர்வுக்கான இலக்கணத்தை நடத்தத்தான் நடுநிலைப் பள்ளியில் முறையாகப் பயின்ற ஜப்பானிய ஆங்கில ஆசிரியர் இருக்கிறார்; வந்தவர் பதவிப்பெயரிலேயே உதவியாளர். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலேயே ஆங்கிலம் மதிப்பெண்ணோடு கூடிய பாடமாகிவிட்டது. மதிப்பெண்ணுக்கு அங்கே பஞ்சமில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு அதன் மொழி தெரிந்த ஆசிரியர் ஆறுதல் இல்லையா என்ற கேள்வி மட்டும் கனமானது. ஆறுதல்தான். அதைத் தர வகுப்பாசிரியர் பக்கத்திலேயே நிற்கிறார். அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஜப்பானிய மொழி தெரிந்தால், ஆங்கிலம் பேச ஒரு முகாந்திரமும் இல்லாமல் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று வருஷத்தில் எப்பேர்ப்பட்ட மக்கும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டுவிடும். ஜெட் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் ஐந்து வருஷம்தான் இருக்க முடியும். விதிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். நான் வாழ்த்துவது இந்தக் காரணத்துக்காக. அதுவரைக்கும் வகுப்பில் ஒன்றும் புரியாத முகத்தோடு சமாளிக்க வேண்டியதுதான், அது லேசில்லை. பிள்ளைகள் அவர் தலைமுடியைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஏதாவது சொல்லிவிட்டு முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். உதட்டோரம் துடித்தால் அன்றோடு ஆங்கிலம் காலி.