கம்மல் பிளஸ் ஒன், வளையல் பிளஸ் டூ

ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே எந்த டீக்கடையில் நின்றாலும் 'ஹாஸ்டல் அப்பா' ஒருவரைப் பார்க்கலாம். அடையாளம் கேட்டு அலைய வேண்டாம். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் நாமக்கல் வந்துவிடும். வெயிலைத் திட்டினால், "இது இன்னா வெயிலு, என் பையன் ஹாஸ்டல் இருக்கிற எடத்துல பார்க்கணும் நீ" என்பார். மழையைச் சொன்னால், அங்கே மழையே இல்லையாம், பசங்க படிப்பு கெடாதாம்.

அவர் காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவராக இருக்கலாம். எண்ணூரில் லாரி கம்பெனி ஆபரேட்டராகவோ, மணலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டராகவோ, துறைமுகத்தில் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிறவராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளைப் பற்றித் தகவல் கிடைத்த வழி ஒன்றுதான். துறைமுகத்துக்குள் போக முறை வராமல் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் பாதி டிரைவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். சும்மா நிற்கிற மனிதர் ஊர்ப் பெருமை பேசாமல் வேறு என்ன செய்வார்? ராசிபுரம், திருச்செங்கோடு, அந்தப் பள்ளி, இந்தப் பள்ளி, எத்தனை டாக்டர் என்று ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். தன் பிள்ளை உள்ளூர் அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்பதைச் சொல்லவில்லை. நம்மாளும் கேட்கவில்லை.

டிரைவர் சொன்னது பொய்யும் இல்லை. 1200 மார்க் காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் நாமக்கல் மாவட்டத்துப் படங்கள்தான் வரிசையாக இருக்கும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே கரைத்துப் புகட்டினால் ஏன் வராது? 2017-ல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அதே வருஷம் நீட்டும் வந்து சேர்ந்தது. அப்புறம் 2025-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் விளக்கினால் நம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்று சொல்வார்: "எத்த வெச்சாலும் எடுத்தாலும் ஃபீஸ் எறங்கல பாரு. அப்ப ஸ்கூல் நல்லாத்தானே இருக்குது?"

அந்த ஃபீஸ் லட்சத்தைத் தாண்டி நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் அது வருகிற மாதம். பத்தாவது ரிசல்ட் மே மாதத்தில். காசிமேட்டிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில், வலை வீட்டில், கை பாக்கெட்டில். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசு கொடுக்கிற அவகாசத்தில்தான் நம்மாள் தன் குஞ்சுக்கு அட்மிஷன் வாங்கியாக வேண்டும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் என்கிறீர்களா? டிரங்குப் பெட்டி, பக்கெட், மக்கு, யூனிஃபார்ம் வாங்கி மிஞ்சினால் பெரிது. கம்பெனி வேலைக்காரருக்கு வேறு தினுசு. போனஸ் தீபாவளிக்கு, ஃபீஸ் ஜூனுக்கு. நடுவில் இருக்கிற மாதங்களைத் தாண்டத்தான் திருவொற்றியூர் முழுக்க அடகுக் கடை.

முதலில் முறையாகத்தான் ஆரம்பித்தார். கல்விக் கடன் கேட்டு பேங்க்குக்குப் போனார். "பிளஸ் டூ முடிச்சிட்டு வாங்க, காலேஜுக்குத் தர்றோம்" என்றார்கள். "அத்த முடிக்கத்தான் சார் கேக்கறேன்" என்ற பதில் எந்த ஃபாரத்திலும் எழுத இடமில்லாதது. பி.எஃப்.பில், ஏழு வருஷ சர்வீஸ் இருந்தால், பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்குத் தன் பங்கில் பாதி எடுக்கலாம் என்று நெடுநாள் ஒரு விதி இருந்தது. அதே விதியில்தான் கல்யாணமும் வந்தது. கல்யாணத்துக்கு எடுத்தாயிற்று.

அப்புறம் சீட்டு. ஏலச் சீட்டை எல்லோரும் கடைசியில் எடுக்கப் பார்ப்பார்கள். நம்மாள் இரண்டாம் மாதமே உட்கார்ந்து, கேட்ட கழிவுக்கெல்லாம் தள்ளி எடுத்தார். சீட்டுப் பணம் கட்ட தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, பிடித்தது போகக் கையில் எட்டாயிரத்துச் சொச்சம்; நாளுக்கு நூறு, நூறு நாள். தண்டல்காரர் பைக் சத்தம் கேட்கும்போது கட்ட நம்மாள் வீட்டில் இருப்பதில்லை. பக்கத்து வீட்டில் இருப்பார். ஒன்றை அடைக்க ஒன்று வாங்கி, அதற்கு இன்னொன்று வாங்கி, யாருக்கும் ஒரு தவணைக்கு மேல் பாக்கி வைக்காமல் ஓட்டுகிற இந்தத் திறமையைக் கோட்டையில் யாராவது கவனித்தால் நிதித்துறையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவருக்குக் கணக்கு வராது என்று பத்தாவதில் ஃபெயில் போட்ட வாத்தியார் இப்போது எங்கே இருக்கிறாரோ.

கடைசியில் நகை. இந்த விஷயத்தில் அவர் மனைவி பேசுவதுதான் சரியான பேச்சு. "எங்க உன் கம்மல்?" என்று நாத்தனார் கேட்டால், "பிளஸ் ஒன் படிக்குது" என்பார். "வளையல் அடுத்த வருஷம் சேரப் போவுது. பையன் பாஸாவறானோ இன்னாவோ, என் நகை ரெண்டும் நல்லாப் படிக்கும்."

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிள்ளையைப் பார்க்கும் நாள். முன்பு கோயம்பேட்டில் பஸ் ஏறலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபின், சென்னையை வடக்கிலிருந்து தெற்காகத் தாண்டுவதே ஒரு வெளியூர்ப் பயணம். தூக்கில் வஞ்சிர வறுவல், இறாத் தொக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விழுப்புரம் வரை தாங்குவார். அப்புறம் வேறு சீட்டு தேடுவார். பிள்ளை வறுவலை ஒரு மூச்சில் முடித்துவிட்டு, "வூட்டுக்குப் போலாம்பா" என்பான். அப்பா கட்டிய ரசீதைக் காட்டுவார். ரசீதைப் பார்த்தால் அழுகை நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிற்கத்தான் நிற்கிறது, பையன் மறுபடி தொக்கில் கை வைப்பதால்.

இவ்வளவும் ஏன் என்று கேட்டால் டாக்டர் என்பார். நான் நம்பவில்லை. அவர் பணம் கட்டுவது இயற்பியலுக்கு அல்ல. மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் பையன் நிற்கக் கூடாது என்பதற்கு. அந்த முனையில் பதினாறு வயதில் நின்றவர் அவர். கூட நின்றவர்களில் இருவர் பேர் இன்றும் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் இருக்கிறது. இது டாக்டர் கனவைவிட நியாயமான காரணம்தான். ஆனால் அதை வெளியே சொன்னால் சீட்டுக்காரர் பணம் தரமாட்டார்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, 2020-லேயே சட்டம் வந்துவிட்டது, சீட் கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டும் என்றார். நம்மாள் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஹாஸ்டலுக்குமா?"

"ஹாஸ்டலுக்கும்தான்பா."

"துட்டே கட்டாம எப்படிப்பா படிப்பு ஏறும்?" என்று கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டார். பெரியவனுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. சின்னவள் ஐந்தாவதில்தான் இருக்கிறாள். அன்று சாயங்காலமே போய் அவளை ஆறாவதில் சேர்க்க மாநகராட்சிப் பள்ளியில் விசாரித்துவிட்டு வந்தார். வரும் வழியில் புதுச் சீட்டு ஒன்றும் போட்டுவிட்டார், டியூஷனுக்கு.