முடிவைப் பேச ஓர் இடம்

கேள்வி: துப்பறியும் கதைப் பிரியர்களின் 'பவுச்சர்கான்' மாநாடு கொரோனாவால் ரத்தானபோது அமெரிக்க வாசகர்கள் அவ்வளவு ஏங்கியது ஏன்? புத்தகம்தான் கையில் இருக்கிறதே?

பதில்: புத்தகம் இருக்கிறது, அதன் முடிவைப் பேச ஆள் வேண்டாமா? காதல் கதையை யாரிடமும் முழுசாகச் சொல்லலாம். கொலைக் கதையைப் படித்தவர், கொலையாளி பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடமாட வேண்டும். அந்தப் பூட்டைத் திறக்கிற இடம் இந்த மாநாடு. அந்தோணி பவுச்சர் என்ற விமர்சகரின் நினைவாக 1970-ல் சாண்டா மோனிகாவில் தொடங்கியது. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். அங்கே தரப்படும் அந்தோணி விருதுக்கு ஓட்டுப் போடுபவர்களும் வந்து கூடுகிறவர்களே. காபி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர், போன வாரம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எழுத்தாளராக இருப்பார். "அந்த டாக்டரை ஏன் சாகடித்தீர்கள்?" என்று நேரிலேயே சண்டை போடலாம். இந்த உரிமைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பேன்.

2020 சாக்ரமெண்டோ மாநாடு இணையத்துக்குப் போனது. 2021 நியூ ஆர்லியன்ஸ் அடியோடு ரத்து. இன்னொரு கூட்டமான 'லெஃப்ட் கோஸ்ட் க்ரைம்' கதைதான் மனதைப் பிசைகிறது. 2020 மார்ச்சில் சான் டியாகோவில் எல்லோரும் வந்து சேர்ந்து, முதல் நாளே கலைய வேண்டியதாயிற்று. நாவலில் இன்ஸ்பெக்டர் "யாரும் வெளியே போகக்கூடாது" என்பார். அங்கே எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள்! பவுச்சர்கான் 2022-ல் மினியாபொலிஸில் மறுபடி கூடியது. நியூ ஆர்லியன்ஸ் தன் முறைக்கு 2025 வரை காத்திருந்தது.