கோலார் பாறையும் பேத்தியின் லேப்டாப்பும்

அந்தக் காலத்தில் கோலார் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வருவது எதுவானாலும் தராசில் ஏறும். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் மட்டும் விதிவிலக்கு. ஒசாகா, டர்ஹாம் கூட்டாளிகளோடு ஹீத்கோட் ஷாஃப்டில் 2.3 கிலோமீட்டர் இறங்கி, கண்ணாடிக் குழல்களை அடுக்கிவிட்டு வெறுங்கையோடு ஏறி வருவார்கள். “தங்கம் இருக்கிற இடத்துல தங்கத்தைத் தேடாத ஆளுங்க” என்பார் அப்பா. அவர்களோடு ஒரே கேஜில் இறங்கியதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர்கள் தேடியது நியூட்ரினோ என்ற துகள். வானிலிருந்து கொட்டும் மியூவான் துகள்களைத் தலைக்கு மேலுள்ள பாறை விழுங்கிவிடும். அதையும் மீறிப் பக்கவாட்டில் ஒரு மியூவான் பாய்ந்து வந்தால், நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். காத்துக் கிடந்து பிடித்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் பிடித்தது. எங்கள் ஊரில் அதை அதிகம் பேசுவதில்லை.

பெங்களூரில் இருக்கும் என் பேத்திக்கு மியூவான்களைப் பின்தொடரக் கேஜ் வேண்டாம். படுக்கப்போகும் முன் லேப்டாப்பில் ஜியன்ட்4 என்ற மென்பொருளில் சிமுலேஷனை ஓடவிட்டால், விடிவதற்குள் மியூவான்கள் கூட்டங்கூட்டமாகப் பாறைக்குள் போய்விடும். ஒவ்வொன்றும் எங்கே திரும்பும், எவ்வளவு ஆற்றல் இழக்கும், எங்கே நிற்கும் என்பதை அடிக்கு அடி ரேண்டம் எண் தீர்மானிக்கும். இந்த முறைக்குப் பெயரே சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோ. சீட்டுக்கட்டைக் கண்டால் அடுப்பில் போடும் அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும்!

திரையில் பாறையின் அடர்த்தி 2.65 என்றிருந்தது.

“ஸ்டாண்டர்ட் ராக் தாத்தா. எல்லாரும் இதைத்தான் போடுவாங்க.”

எங்கள் பாறை கன சென்டிமீட்டருக்கு 3 கிராமுக்கு மேல். இயற்பியல் கட்டுரைகளில் ‘கோலார் ராக்’ என்று தனிப்பெயரே உண்டு. துளை போட்டவர்களின் தோள்களுக்குக் கட்டுரை தேவைப்படவில்லை. நான் சொன்னதும் மாற்றி ஓட்டினாள். அடியில் வந்து சேர்ந்த மியூவான்கள் குறைந்தன.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். நியூட்ரினோ ஆய்வுக்காகத் தேனி பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் கருவி வைக்கத் திட்டம் போட்டார்கள். வழக்கும் எதிர்ப்புமாக மலை குடையப்படவில்லை. சிமுலேஷனில் மட்டும் அந்தக் கருவி பல வருடமாகப் பழுதில்லாமல் ஓடுகிறது. அதன் 85 டன் குட்டி மாதிரியை மதுரையில் நிஜமாகவே கட்டி, நிஜ மியூவான்களைப் பிடித்திருக்கிறார்கள்.

“ஒருநாள் போய்ப் பார்க்கலாமாம்மா?” என்றேன்.

“எதுக்கு தாத்தா? டேட்டாவை இங்கேயே பாத்துக்கலாம்.”