மலைச் சைக்கிள் செயினும் மலையேறிய எண்ணெயும்: கொடைக்கானலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மலைச் சைக்கிளின் செயினுக்கு வீட்டில் யார், எப்போது, எந்த எண்ணெயை, எவருடைய துணியைக் கொண்டு இடுவது என்பது தமிழில் இன்னும் எவரும் கைவைக்காத துறை. கொடைக்கானல் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர்தான். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டு சொன்னது இந்த மலையிலிருந்துதான். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கரும்புள்ளிக்கு வாய்த்த கவனம், திண்ணையில் சாத்திவைத்த சைக்கிளின் கருமைக்கு வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் கருத்து

வள்ளுவர் அச்சைப் பற்றியும் அச்சாணியைப் பற்றியும் பேசுகிறார். செயினைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதைக் குறையாகக் கொள்ளலாகாது. ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் உருளைச் செயினை உருவாக்கியது 1880-இல்தான். உப்பு வணிகரான உமணர் மேடு பள்ளத்துக்கு அஞ்சி வண்டியின் அடியில் மாற்று அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். மலைமேல் பூம்பாறைக்குப் புறப்படுகிறவர், அறுந்த செயினை இணைக்கும் மாஸ்டர் லிங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது அம்மரபின் தொடர்ச்சி என்க.

அயல்நாட்டுச் சான்றும் உண்டு. கலிபோர்னியாவில் 1976-இல் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைத்தாக வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. மலைச் சைக்கிளும் பராமரிப்பும் இரட்டைப் பிள்ளைகள் என்பது இதனால் பெறப்படும்.

3. ஆய்வு எல்லை

லெவிஞ்ச் என்பவர் 1863-இல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடும் வாடகைச் சைக்கிள்கள் இவ்வாய்வில் சேரா. அந்த ஐந்து கிலோமீட்டரும் ஏறத்தாழச் சமதளம். மேலும் அவற்றின் செயின்கள் தொல்லியல் துறைக்கு உரியவை. வத்தலக்குண்டிலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் மேலேறி, பூம்பாறை, மன்னவனூர் என்று போய்வரும் கியர் சைக்கிள்களே நமக்குப் பொருள்.

4. எண்ணெய்ச் சமயங்கள்

தேங்காய் எண்ணெய்ச் சமயம் கீழ்நாட்டிலிருந்து வந்தது. அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சித்திரை வெயிலிலும் கொடைக்கானல் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கலாம், செயினை எதில் வைத்து உருக்குவது? ஆகவே இச்சமயம் வத்தலக்குண்டோடு நின்றுவிடுகிறது.

பழைய என்ஜின் ஆயில் சமயத்தார் ‘வழவழவென்று இருக்கிறதே’ என்பர். வழவழப்பு உண்மை, அதில் கலந்திருக்கும் கரியும் இரும்புத் துகளும் உண்மை.

டபிள்யூ.டி.-40 சமயத்தார் புதுமைவாதிகள். நீரை விரட்டவென்று 1953-இல் உருவான அதை, மழையில் நனைந்த செயின் மீது அடித்தால் குற்றமில்லை. அது காய்ந்தபின் எண்ணெய் இட மறப்பதே குற்றம்.

5. கடாவும் விடையும்

எண்ணெய் மிகுந்தால் நன்மைதானே எனின், அற்றன்று. செயின் உராய்வது உள்ளே, பின்னைச் சுற்றியும் உருளைக்குள்ளும். எண்ணெய்க்கு அங்கேதான் வேலை. வெளித்தகட்டில் நிற்கும் எண்ணெய் மலைச்சாலை மணலை வரவேற்று, பிசைந்து, அரைக்கும் பசையாக்கி உள்ளே அனுப்பும்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்பரே எனின், இரும்பு ரப்பரைப் போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் மயிரிழை தேய, நூற்றுக்கு மேற்பட்ட தேய்மானங்கள் கூடி நீளமாகத் தெரிகின்றன. பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஆக 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டுக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பின்னாலுள்ள கேசட்டின் பற்களையும் தின்றிருக்கும், செலவு பன்மடங்காகும்.

6. செய்முறை

பழைய பனியன் துணியால் செயினின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுக. துணி கறுக்கும், மடித்து மறுபக்கம் பிடிக்க. கேசட்டின் பற்சக்கரங்களுக்கு நடுவே வேட்டிக் கிழிசலை நாடாவாக விட்டு இழுக்க. கியர் மாற்றும் டெரைலரின் குட்டிச் சக்கரங்களில் கறுப்பு வளையமாக ஒட்டியிருப்பதை ஈர்க்குச்சியால் சுரண்டுக. அது மோதிரம் கழல்வது போல முழுசாக வரும்போது உண்டாகும் இன்பத்தை எந்த இலக்கணமும் வகுக்கவில்லை. அழுக்கு அடங்காவிட்டால் மண்ணெண்ணெய். ஆனால் அது நன்றாக உலர வேண்டும், இல்லையேல் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிறகு உருளைக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். சற்று நேரம் சுற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் மீண்டும் துடைக்க. தகட்டைத் தொட்ட விரல் கறுக்காவிட்டால் பராமரிப்பு முற்றிற்று.

அழுக்கைத் தேய்த்தெடுக்க வீட்டிலுள்ள பல் பிரஷ் பயன்படும். யாருடைய பிரஷ் என்பதில் முன்கூட்டியே உடன்பாடு காண்பது ஆய்வு அறம்.

7. முடிவு

தென்மேற்கும் வடகிழக்கும் மழை தரும், இடைப்பட்ட நாளில் மூடுபனி நனைக்கும் ஊரில் செயினைக் காப்பது எண்ணெய்க் கிண்ணம் அல்ல, துடைக்கும் துணியே என்பது இவ்வாய்வின் துணிபு. குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குத் தன் போர்வையையே கொடுத்த பேகன் ஆண்ட மலை இது. போர்வை வேண்டாம். கிழிந்த பனியன் ஒன்றைத் தரையைத் துடைக்கப் போகுமுன் சைக்கிளுக்கென்று எடுத்து வையுங்கள்.